தேவகி புருஷன் பெயரைச் சொன்ன நாள்

போன வாரம் மாலதி போன் செய்தாள். ஓய்வு பெறும்போது நான் விட்டுவிட்டு வந்த தலைக்காய வார்டை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். எடுத்த எடுப்பில் நலம்கூட விசாரிக்கவில்லை. வேதகிரி டாக்டர் நெற்றியில் கை வைத்ததும் ஒரு பெண் புருஷன் பெயரைச் சொல்லிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாளாமே, நிஜமா என்று கேட்டாள்.

எங்கே கேள்விப்பட்டாய் என்றேன். ஒரு நோயாளியின் சித்தப்பா சொன்னாராம். கூடுவாஞ்சேரியில் பைக்கிலிருந்து விழுந்த ஓர் இளைஞன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மறுநாள் காலையில் கண் விழித்து அப்பா பெயர், அம்மா பெயர், கம்பெனி பெயர் எல்லாம் சொல்லியிருக்கிறான். உடனே வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம் என்று சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். இன்னொரு முறை ஸ்கேன் எடுக்காமல் விட முடியாது என்று மாலதி சொன்னதற்கு, அந்தச் சித்தப்பா பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டினாராம். வாய் திறந்து பெயரைச் சொல்லிவிட்டால் ஆபத்து தாண்டியது என்று பெரிய டாக்டரே கண்டுபிடித்திருக்கிறார், உனக்கென்ன தெரியும் என்றாராம். மாலதி பாதி நாள் சண்டை போட்டுத்தான் அவனை நிறுத்தி வைத்திருக்கிறாள்.

அந்தப் புத்தகம் என்னிடமும் இருக்கிறது. மஞ்சள் அட்டை போட்டு எங்கள் ஊர் வரலாற்று மன்றம் வெளியிட்டது. அதை அச்சடித்தவர்கள் மனதில் துளிக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்ட எண்ணம் இருந்தால் நன்றாகத் திட்டிவிட்டுப் போகலாம். பெருமைக்காகத் தப்பாக எழுதுகிறவர்களை என்ன செய்வது? அதை வெளியிட்ட கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு உண்மை தெரியும். புத்தகத்தை மட்டும் வாங்கிப் போனவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி நாலு வரி போதும். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மிஷன் பள்ளியில் படித்தேன், நர்ஸ் பயிற்சி முடித்தேன், பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு என்று சுற்றினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தலைக்காய வார்டில் போட்டார்கள். யாரும் அங்கே போக விரும்பாததால் எனக்குக் கிடைத்தது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி மோதினாலும், கல்பாக்கம் பக்கம் பைக் கவிழ்ந்தாலும், மாமல்லபுரத்தில் தென்னை மரத்திலிருந்து விழுந்தாலும் எங்களிடம்தான் வருவார்கள். வரும்போதே பாதிப் பேர் சட்டையெல்லாம் நனைந்திருக்கும். ரத்தம் என்று நினைத்துப் பதறுவோம், பார்த்தால் சோடா. நம் ஊரில் ஒருவன் ரோட்டில் நினைவில்லாமல் கிடந்தால் முதலில் ஓடிவருவது சோடா பாட்டில்தான். முகத்தில் அடிப்பது போதாது என்று வாயிலும் ஊற்றுவார்கள். அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய், மண்டை உடைந்ததில் பிழைத்தவன் மூச்சு முட்டிச் சாவான். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து. நான் பிடுங்கிய சாவிகளை வைத்து ஒரு பூட்டுக்கடை நடத்தியிருக்கலாம். சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

இந்த லட்சணத்தில் வேதகிரி டாக்டர் வந்து சேர்ந்தார். வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்கள் வீட்டுக்குப் போனபிறகு எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் அவர் ஆராய்ச்சி. சொந்த ஊர்க்காரர்களை வைத்தே அதைச் செய்ய வேண்டும் என்று மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். அவரோடு வேலை பார்த்தவர்களைத் தவிர.

மற்ற டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்தால் நேரே நோயாளியிடம் போவார்கள். இவர் நோயாளியைத் தாண்டிப் போய், கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் சொந்தக்காரரை எழுப்புவார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு, "இன்னாம்மா, உம் புள்ள எப்பவும் இப்டித்தான் பேசுமா?" என்று ஆரம்பிப்பார். டீயை ஊதிக் குடிப்பானா, அப்படியே விழுங்குவானா? கோபம் வந்தால் கத்துவானா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வானா? யாரைக் கண்டால் எழுந்து நிற்பான்? இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று எங்களுக்குத் தோன்றும். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு அவர் நகர்வதற்குள் எனக்கு மருந்து கொடுக்கும் நேரம் தாண்டிவிடும். மதியச் சாப்பாடு எங்களில் யாருக்கும் மதியத்தில் கிடைத்ததில்லை.

அவர் கத்தமாட்டார். கத்தினாலாவது பரவாயில்லை. கேஸ் ஷீட்டில் யாராவது 'நார்மல்' என்று எழுதியிருந்தால் பேனாவை எடுத்து அதை மட்டும் அடித்துவிட்டு, மெதுவாக, "யாரோட நார்மல்?" என்று கேட்பார். பதில் வரும்வரை அங்கேயே நிற்பார். வியர்த்து வழியும் இளம் டாக்டர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் ஃபேனைப் பார்ப்பேன்.

தலைக்காயத்துக்கு ஒரு கணக்கு உண்டு, இப்போதும் அதேதான். கண் திறக்கிறதா, வாய் பேசுகிறதா, கை கால் அசைகிறதா என்று மூன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்ட வேண்டும். பெயர் கேட்போம், ஊர் கேட்போம், எந்த மாதம் என்று கேட்போம். பதில் இல்லாவிட்டால் நகத்தின் மேல் பேனாவை வைத்து அழுத்துவோம். ஏன் கிள்ளுகிறாய் என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். டார்ச் அடித்துக் கண்ணின் பாவை சுருங்குகிறதா என்று பார்ப்போம். வார்டு டார்ச்சில் என்றைக்கும் பேட்டரி இருக்காது என்பதால் டாக்டர் தன் டார்ச்சை எங்களிடம் கொடுத்துவிட்டார். இதையெல்லாம் மணிக்கு மணி செய்து எழுதினாலும் அவருக்குத் திருப்தி வராது. முழு மார்க் வாங்கினவனைப் பார்த்தால்தான் அவருக்குச் சந்தேகமே ஆரம்பிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போக விடமாட்டார். டிஸ்சார்ஜ் ஆனவர்களை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும், பெண்களிடம் பேச ஒரு பெண் வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பின்னால் மீனவர் குடியிருப்பில் ஒரு வீட்டில் வெயிலில் உட்கார்ந்தது நன்றாக நினைவிருக்கிறது. அந்த வீட்டு மகன் படகுக்கட்டையில் மண்டை மோதி எங்களிடம் இருந்து போனவன். நன்றாகச் சாப்பிடுகிறான், நடக்கிறான், வலை கட்டுகிறான். எனக்குப் பார்த்ததும் சந்தோஷம், கிளம்பலாம் என்று எழுந்தேன். டாக்டர் அசையவில்லை. கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த அவன் அம்மாவிடம் அரை நாள் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த அம்மாள் சொன்னாள், பையனுக்குப் பயமே இல்லாமல் போய்விட்டது, காற்று எகிறும்போதும் படகை எடுக்கிறான், கூடப் போக ஆளில்லை என்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் டாக்டர், "பொழைச்சு வந்தது யாருன்னு கேக்கணும் சிஸ்டர். ஆளே மாறி வந்துட்டா நாம ஜெயிச்சோம்னு எப்டி சொல்றது?" என்றார். எனக்குத் தலைவலி. சரி சார் என்று சொல்லிவைத்தேன்.

இப்போது தேவகி.

தேவகியும் ஏழுமலையும் புதுப்பட்டினம். ஏழுமலை அங்கே ஊழியர் குடியிருப்பில் எலக்ட்ரிக் வேலைக்குப் போனவர். ஒரு கல்யாணத்துக்காக மொபெட்டில் செங்கல்பட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். தேவகி பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, சீர் கொடுக்க வாங்கின எவர்சில்வர் குடத்தை இரண்டு கையாலும் மடியில் அணைத்துப் பிடித்திருந்தாள். புருஷன் தோளைப் பிடிக்கவில்லை, வண்டியையும் பிடிக்கவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி எகிறியது. தேவகி மல்லாக்க விழுந்தாள். குடத்துக்கு ஒரு நசுங்கல்கூட இல்லை. டீக்கடைக்காரர்கள் வழக்கம்போல் சோடா ஊற்றித்தான் அனுப்பினார்கள். நல்ல காலம், முகத்தில் மட்டும்.

வார்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் கண் விழித்தாள். மறுநாள் காலை கட்டிலில் சம்மணம் போட்டு இட்லி சாப்பிட்டாள். டூட்டி டாக்டர் வந்து கேட்ட கேள்விக்கெல்லாம் டக்டக்கென்று பதில். உன் பெயர் என்ன? தேவகி. ஊர்? புதுப்பட்டினம். புருஷன் பெயர்? "ஏழுமல!" என்று வார்டு முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னாள். முழு மார்க். தரையில் பாய் போட்டு ஆட்கள் கிடந்த நேரம். ஒரு கட்டில் காலியாகிறதே என்று அவர் சந்தோஷமாக டிஸ்சார்ஜ் எழுதிவிட்டுப் போனார். ஏழுமலையும் துணிமணியை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஏழுமலையின் அம்மா கன்னியம்மா மட்டும் வார்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு வழியை விடவில்லை. இது என் மருமகள் இல்லை, இவளை வீட்டில் சேர்க்கமாட்டேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் மருமகள் தகராறு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிட்டது என்று வார்டுபாய் கிண்டல் செய்தார். எனக்கு அந்த அம்மாள் மேல் கடுப்புத்தான். ஸ்ட்ரெச்சர் போக வழியில்லை.

வேதகிரி டாக்டர் வந்தார். அவருக்குப் பிடித்த இடம் அதுதானே, கன்னியம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்னாம்மா பிரச்சினை என்று கேட்டார். கன்னியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னது இதுதான்:

"கண்ணாலம் ஆன நாள்லேந்து எம் புள்ள பேர அவ வாயில கேட்டதில்ல சார். ரேஷன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல கீறவளச் சொல்லச் சொல்லுவா. இப்ப ஏழுமல ஏழுமலன்னு கூவிக்கினு கீறா. அவ அப்டி இல்ல சார். அவ எங்கியோ பூட்டா."

டாக்டர் எழுந்து தேவகியிடம் போனார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மண்டையில் எண்ணெய் வைத்துத் துடைத்தீர்களா, இப்படி மின்னுகிறதே என்றாள். பக்கத்துக் கட்டில்காரரிடம் ஏழுமலை எப்படிக் குறட்டை விடுவார் என்று ஊதிக் காட்டினாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. புருஷன் பெயரைச் சொல்கிறாயே, எப்போதிலிருந்து என்று கேட்டார். "பேருதானே, சொன்னா இன்னா?" என்றாள் தேவகி.

அவள் கேட்டது நியாயம்தான். அந்த வாரம் எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளம் பெண் டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "சார், ஒரு பொம்பளை புருஷன் பேரைச் சொல்றது வியாதியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். நான் மனதுக்குள் கைதட்டினேன்.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. "வியாதி இல்லம்மா. நாளைக்கு இவங்க யோசிச்சு முடிவு பண்ணி அவரப் பேர் சொல்லிக் கூப்பிட்டா நான் முதல்ல சந்தோஷப்படுவேன். ஆனா நேத்து வரைக்கும் சொல்லாதவங்க இன்னிக்குச் சொல்றாங்க, நடுவுல மண்டையில அடி. இவங்களாச் சொல்றாங்களா, தானா வருதா? அதைத்தான் கேக்கறேன்" என்றார். பிறகு எங்களுக்கு விளக்கினார். பின்மண்டை தரையில் மோதினால், உள்ளே மூளை முன்பக்க எலும்பில் போய் இடித்துக்கொள்ளும். அடி பின்னால், காயம் முன்னால். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று நம்மைக் கட்டிப் பிடிப்பது அந்த முன்பக்கம்தான். அந்தக் காயம் முதல் நாள் சும்மா இருந்துவிட்டு அப்புறம் வீங்கும். பேசிக்கொண்டே இருப்பவர்கள் திடீரென்று போய்விடுவது அப்படித்தான்.

டிஸ்சார்ஜை அடித்தார். அப்போது எங்களிடம் ஸ்கேன் கிடையாது, சென்னைக்கு அனுப்ப வேண்டும். ஏழுமலை முடியவே முடியாது என்றார். பேசிக்கினு கீறா, துன்னா, நடந்தா, இன்னாத்துக்கு ஸ்கேனு என்று ஒரே பிடி. கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போகிறேன், செத்தால் என் பொறுப்பு என்றார். டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்த மனுஷனுக்குக் கேட்கத் தெரிந்த அளவுக்குச் சொல்லத் தெரியாது. படம் வரைந்து காட்டினார். ஏழுமலை படத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. கடைசியில் டாக்டர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "உனக்குத் தெரியலியா ஏழுமல? நெஜமாத் தெரியலியா?" என்று கேட்டார்.

ஏழுமலை மூட்டையைக் கீழே போட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு, "தெரியுது சார். நேத்து சாயந்தரமே தெரிஞ்சுது. எல்லார் எதுக்கவும் இன்னான்னாவோ பேசறா சார். வூட்டுக்கு இட்டுனு பூட்டா யாரும் பாக்கமாட்டாங்கன்னுதான்" என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை நோய் என்று நினைக்கவில்லை, மானக்கேடு என்று நினைத்திருக்கிறார். நம் ஜனங்களில் எத்தனை பேர் இப்படி வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. டாக்டர் அவர் தோளில் கை வைத்து, "இது அவ இல்லப்பா, அடி பேசுது" என்றார். ஏழுமலை சென்னைக்குச் சம்மதித்தார்.

ஆம்புலன்ஸில் நானும் போனேன். மூளை வீக்கத்துக்கான மருந்து பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் டாக்டரின் டார்ச். சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் தேவகி டிரைவரைக் கிண்டல் செய்துகொண்டே வந்தாள். மறைமலைநகர் தாண்டினதும் பேச்சு குறைந்தது. கூடுவாஞ்சேரியில் லாரிகள் நடுவில் மாட்டிக்கொண்டோம். அங்கே வாந்தி எடுத்தாள். ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கண்ணின் பாவை மெதுவாகத்தான் சுருங்கியது. பேரைக் கேட்டேன். பதில் இல்லை. முன்னாலிருந்த லாரிக்காரன் டீ குடிக்க இறங்கிப் போயிருந்தான். எங்கள் டிரைவர் இறங்கி ஓடிப்போய் அவனை என்ன சொல்லித் திட்டினார் என்பதை இங்கே எழுத முடியாது.

ஏழுமலை அவள் முகத்துக்கு அருகில் குனிந்து, "தேவகி, எம் பேரச் சொல்லு. எம் பேரு இன்னா சொல்லு. ஊரே கேக்கறமாதிரி சொல்லு தேவகி" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். காலையில் அந்தப் பெயரைக் கேட்டு வெட்கப்பட்டு மூட்டை கட்டின மனுஷன். தாம்பரம் தாண்டி, ஆஸ்பத்திரி வாசல்வரை கெஞ்சினார். அவள் வாய் திறக்கவில்லை. நான் அழுதுவிட்டேன். வேலையில் இருக்கும்போது நான் அழுதது அபூர்வம்.

ஸ்கேனில் நெற்றிக்குப் பின்னால் ரத்தம் கட்டியிருந்தது. உடனே திறந்து எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் திறந்தும் பயன் இருந்திருக்காது என்று அங்கே சொன்னார்கள். ஏழுமலை கையெழுத்துப் போட்டு அவளை வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத்தான் அந்த மஞ்சள் புத்தகம் மறைக்கிறது.

பல வாரம் கழித்து மொட்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு எங்கள் வார்டுக்குக் காட்ட வந்தாள். மெலிந்திருந்தாள், மெதுவாகப் பேசினாள். டாக்டர் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், மாதம் கேட்டார். எல்லாம் சொன்னாள். பிறகு புருஷன் பெயர் என்ன என்றார். தேவகி தலையைக் குனிந்துகொண்டாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். மாமியாரைப் பார்த்தாள். கன்னியம்மா, "ஏழுமலன்னு எழுதிக்கோ சார்" என்றாள். டாக்டர் என்னிடம் திரும்பி, முழு மார்க் போடுங்கள் என்றார். பதில் வரவில்லையே சார் என்றேன். "வராததுதான் சிஸ்டர் பதில்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. ஒருத்தி குணமாகிவிட்டாள் என்பதற்கு அவள் வாயை மூடிக்கொண்டதுதான் சாட்சியா என்று அந்தப் பயிற்சி டாக்டர் பெண் இருந்திருந்தால் கேட்டிருப்பாள். அவள் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தாள்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷம் ஆகி, நானும் டாக்டரும் ஓய்வு பெற்றபிறகு, வரலாற்று மன்றத்துக்கு எங்கள் ஞாபகம் வந்தது. மாதம் ஒரு கூட்டம் போடுவார்கள். ஏரி வரலாறு, ரயில் வந்த வரலாறு, சதுரங்கப்பட்டினம் கோட்டை வரலாறு எல்லாம் முடிந்து, 'நம் மண் தந்த மூளை ஆராய்ச்சியாளர்' என்று தலைப்பு வைத்தார்கள். மன்றச் செயலாளர் கோவிந்தராசன் ஓய்வு பெற்ற ஆசிரியர், நல்ல மனிதர், மைக்கைக் கொடுத்தால் மட்டும் வேறு மனிதர். கேள்விப்பட்டவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தேவகி கதையைப் புத்தகமாகப் போட்டுவிட்டார். நடந்தபோது பக்கத்தில் நின்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழைப்பிதழில் எனக்கு ஐந்து நிமிடம் என்று மட்டும் போட்டிருந்தார்.

அந்த ஐந்து நிமிடம் என்ன ஆயிற்று தெரியுமா? முதலில் டாக்டர் எந்த ஊர் என்று தகராறு. பிறந்தது சதுரங்கப்பட்டினம், அம்மா வீடு புதுப்பட்டினம், படித்தது செங்கல்பட்டு. மூன்று ஊர்க்காரர்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். டாக்டரைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். அவருக்காக விளக்கை இன்னொரு முறை ஏற்றினார்கள். பிறகு பொன்னாடை. டாக்டர் மடியில் சால்வைகள் ஏறிக்கொண்டே போய் அவர் முகம் மட்டும்தான் மேலே தெரிந்தது. பொன்னாடை போர்த்தினவர்கள் எல்லோரும் சுருக்கமாக இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசினார்கள். என் ஐந்து நிமிடத்தை யார் சாப்பிட்டார்கள் என்றே தெரியவில்லை.

கடைசியில் கோவிந்தராசன் எழுந்து, நினைவிழந்து கிடந்த பெண்ணின் நெற்றியில் டாக்டர் கை வைத்ததையும், உன் கணவர் பெயர் என்ன என்று கேட்டதையும், அவள் ஏழுமலை என்று சொல்லி எழுந்து அன்றே வீடு திரும்பியதையும் குரல் நடுங்கச் சொன்னார். அரங்கம் கைதட்டியது. நான் எழுந்து நின்றேன். ஒரு தொண்டர் ஓடிவந்து, என்னை யாரென்று நினைத்தாரோ, உட்காருங்க டீச்சர், டிபன் வருது என்றார். டாக்டரைப் பார்த்தேன். 'நார்மல்' என்று ஒரு வார்த்தை எழுதினால் அடித்துவிட்டு நிற்கிற மனுஷன், இந்தப் புளுகைக் கேட்டுக்கொண்டு சால்வைக் குவியலுக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அன்று அவர்மேல் வந்த கோபம் அத்தனை வருஷ வேலையில் வந்ததில்லை.

அப்புறம்தான் உச்சக்கட்டம். அந்தத் தாயே இன்று நம் அவைக்கு வந்திருக்கிறார் என்றார் கோவிந்தராசன். மூன்றாவது வரிசையில் தேவகி, பக்கத்தில் ஏழுமலை. இருவருக்கும் தலை நரைத்திருந்தது. மைக்கை அவள் கையில் கொடுத்து, அன்று சொன்ன அந்தப் பெயரை இந்த அவையில் ஒருமுறை சொல்லுங்கள் அம்மா என்றார்.

தேவகி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லுங்க, சொல்லுங்க என்று பின்னாலிருந்து குரல்கள். வெட்கப்படுகிறார் என்றார் கோவிந்தராசன். எல்லோரும் சிரித்தார்கள். மேடையில் டாக்டர் மட்டும் சால்வைகளை ஒதுக்கிவிட்டு முன்னால் குனிந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார்.

"சொல்லமாட்டேன்" என்றாள் தேவகி. மைக்கில் அது கணீரென்று வந்தது. சிரிப்பு நின்றது. "அன்னிக்குச் சொன்னேன்னு சொல்றீங்களே, அதான் நோவு. அப்ப நான் நானா இல்ல. எங்க மாமியா கண்டுபுடிச்சுது, டாக்டரு அதும் பேச்சக் கேட்டாரு. இல்லன்னா அன்னிக்கே செத்துப் பூட்டிருப்பேன். அது இப்ப உசுரோட இருந்தா இங்க வந்து உங்க எல்லாரையும் ஒரு வழி பண்ணியிருக்கும்." "மண்டைல அடிபட்டவங்கள, பேசறாங்களேன்னு வூட்டுக்கு இட்டுனு பூடாதீங்க. அவ்ளோதான்."

மைக்கைக் கோவிந்தராசன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நன்றியுரையை ஆரம்பித்தார். புத்தகத்தைத் திருத்துவதாக என்னிடம் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். இன்னும் திருத்தவில்லை, மிச்சமுள்ள பிரதிகள் மன்ற வாசலில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. வெளியே வரும்போது டாக்டரை மறித்து, ஏன் சார் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். "அவங்க சொல்லுவாங்கன்னு காத்துக்கினு இருந்தேன்" என்றார். இந்த மனுஷனோடு எப்படிக் குப்பை கொட்டினேனோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஏழுமலையோடு நடந்தேன். தேவகி வேகமாக முன்னால் போய்விட்டாள், புதுப்பட்டினம் பஸ் கிளம்பிவிடுமாம். உங்களுக்கு ஒரு நாளாவது அவள் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று தோன்றாதா என்று கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

அவர் நின்றுவிட்டார். "இருக்குது சிஸ்டர். வேன்ல அம்மாந்தூரம் கெஞ்சினேனே. அப்பலேந்து இருக்குது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா சொல்லிட்டான்னு வெச்சுக்கோங்க, எனக்குக் கை காலு ஓடாது. தூக்கத்துல சொன்னாக்கூட எழுப்பி உக்கார வெச்சு, எந்த மாசம்னு கேப்பேன்" என்றார்.

"இன்னா, இந்தா, பஸ்ஸு வந்துருச்சு" என்று தேவகி அங்கிருந்து கத்தினாள். ஏழுமலை நிம்மதியாக ஓடினார்.